வேலை முடிந்தும் வீட்டுக்கு ஏறாமல் காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்

பிறைக்காரன் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

வயது 42. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு டெக்னீஷியன். சர்க்யூட் போர்டில் கடுகளவு பாகங்களை எடுத்து எடுத்து வைக்கும் மெஷின்கள். அதில் ஒரு நாசில் அடைத்துக்கொண்டால் போதும், லைன் முழுதும் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும், மூன்று பேர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள், சும்மா நிற்பார்கள். திட்டினால்கூடத் தேவலை என்று தோன்றும். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை இப்படி.

கடல் பாலத்து நெரிசலைத் தாண்டி இக்கரையில் பிறையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே வந்து சேர எட்டேகால் ஆகும். என்ஜினை அணைப்பேன், லைட்டை அணைப்பேன், அப்புறம் இறங்க மாட்டேன். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம்தான். இப்போது அரை மணி, நாற்பது நிமிடம். உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன வாரம் யாரோ ஒருவர் சேறு படிந்த கம்பளத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற வீடியோவை இருபத்தைந்து நிமிடம் முழுதாகப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கம்பளமே கிடையாது.

மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு மாதத்துக்கு முன் பள்ளிப் பை மேல் மைலோவைக் கொட்டிவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து வராந்தாவில் என் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டதும் மகள் டிவியை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். என் அப்பா தோட்டத்தில் வேலை முடிந்து சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துவிட்டு வருவார். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தத்துக்கு நானும் தம்பியும் இப்படித்தான் ஓடுவோம். நான் ஒரு சொட்டு தொடாதவன். அப்படியிருந்தும் என் மகள் ஓடுகிறாள்.

நடுவில் நெஞ்சு இறுக்கம் வேறு வந்தது. கிளினிக்கில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இருதயத்தில் கோளாறு இல்லை, ஸ்ட்ரெஸ்தான், ரெஸ்ட் எடுங்கள் என்று இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளில் வேலை வாட்ஸப் குழுவில் 61 மெசேஜ். எண்ணிப் பார்த்தேன். தூக்கமும் சரியில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

யோகா செய், தியானம் செய், மனம் விட்டுப் பேசு என்று எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். யாரிடம் பேசுவது, எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது வேறு. இங்கே இருக்கும் ஆண்கள் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வந்து, உள்ளபடியே என்ன செய்கிறீர்கள்?

---

நைட் ஷிப்ட் எழுதியது:

வேலையை மாற்றுங்கள் அண்ணே. அவ்வளவுதான்.

---

பிறைக்காரன் எழுதியது:

வீட்டுக் கடன் இன்னும் 14 வருடம் இருக்கிறது தம்பி. நீங்கள் கட்டுவதாக இருந்தால் நாளைக்கே கடிதம் கொடுத்துவிடுகிறேன்.

---

பட்டர்வொர்த் மோட்டார் எழுதியது:

கம்பள வீடியோ நானும் பார்த்திருக்கிறேன் அண்ணே. கடைசியில் அடியில் ஒரு மயில் படம் தெரியுமே, அதுவா?

நான் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு குடோனில் வேலை. வீடு கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த். 2019 ஜனவரியிலிருந்து பாலத்தில் மோட்டாருக்கு டோல் கிடையாது. இருந்தும் திரும்பி வரும்போது காசு கொடுத்து ஃபெரியில்தான் வருகிறேன். இப்போது ஓடும் புது ஃபெரிகளில் கார் ஏற்ற மாட்டார்கள், மோட்டாரும் சைக்கிளும் ஆட்களும்தான். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் பாலத்தைவிட லேட். இலவசமாக வர வழி இருக்கும்போது காசு கொடுத்து லேட்டாக வருகிற ஒரே ஆள் நீதான் என்று என் மனைவிக்கு ஒரு கணக்கு.

ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது பாருங்கள். பாலத்தில் மோட்டார் ஓட்டினால் லோரி வருகிறதா, காற்று தள்ளுகிறதா என்று உடம்பு முழுக்க விழிப்பாக இருக்க வேண்டும். ஃபெரியில் ஸ்டாண்டு போட்டுவிட்டால் படகு போகிற வேகம்தான் என் வேகம். எல்லோரும் முன்பக்கம் போய் நிற்பார்கள். நான் பின்பக்கம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிற வெள்ளைக் கோடு, அதற்கு அந்தப் பக்கம் வெல்ட் கீ கரையோரக் கட்டடங்கள் சின்னதாகிக்கொண்டே போகும். குடோன் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தேடுவேன். கண்டுபிடிக்க முடியாத தூரம் வந்ததும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொள்வேன். போனை எடுப்பதில்லை, கடலில் விழுந்துவிடும் என்று ஒரு பயம். அதுவும் நல்லதுக்குத்தான்.

உங்களுக்கு வேலை பாயான் லெப்பாஸ், போதாததற்குக் கார். இது சரிப்பட்டு வராதுதான். செவ்வாய்க்கிழமை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொன்னேன்.

---

டிரசர் மகன் எழுதியது:

அண்ணே, நான் ஓர் அரசாங்க கிளினிக்கில் உதவி மருத்துவ அதிகாரி. தோட்டத்தில் அந்தக் காலத்தில் டிரசர் என்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. என் அப்பாவே டிரசர்தான்.

முதலில் நெஞ்சு. ஈசிஜி எடுத்த நேரத்தில் சரியாக இருந்தது என்றுதான் அதற்கு அர்த்தம், ஆயுளுக்கும் எழுதிக் கொடுத்த சான்றிதழ் இல்லை. படி ஏறும்போது, கனம் தூக்கும்போது இறுக்கம் வந்து, நின்றதும் விட்டால் தள்ளிப்போடாமல் மறுபடியும் காட்டுங்கள். கை, தாடை பக்கம் வலி இழுத்தாலோ குளிர்ந்து வியர்த்தாலோ ஆம்புலன்ஸுக்கு 999. வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டு விடிந்த பிறகு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

அடுத்தது அந்தக் கார். காரில் உட்காருவது தப்பே இல்லை. எங்கள் டாக்டர் ஒருவரே கிளினிக் கார் பார்க்கில் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவதை ஓய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். கம்பளம் முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக வரும், நடுவில் வேலைக் குழுவிலிருந்து ஒரு டிங். லைன் நின்றபோது வந்த படபடப்பு இறங்கவே இல்லை, நாற்பது நிமிடம் போனதுதான் மிச்சம். அதே படபடப்போடுதான் மேலே போகிறீர்கள், மைலோ கொட்டுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். இதற்கு யோகா என்று பெயர் வைக்க வேண்டாம். இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை மெல்ல இழுங்கள், நாடி கொஞ்சம் வேகமாகும். மெல்ல விடுங்கள், வேகம் குறையும். எல்லோருக்கும் ஒரே அளவில் தெரியாது, ஆனால் பொறுமையாகக் கவனித்தால் பலருக்கும் பிடிபடும். மூளையிலிருந்து இருதயத்துக்கு இறங்குகிற வேகஸ் நரம்பு மூச்சு விடும்போது பிரேக்கைக் கொஞ்சம் அழுத்துகிறது. அதனால் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும், பிரேக் பிடிக்கிற நேரம் அதிகம். ஐந்து நிமிடம் போதும். நீங்கள் மெஷின் ஆள், விரலுக்கடியில் வேகம் மாறுவது தெரிந்தால் நம்புவீர்கள் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

மூன்று மணி விழிப்புக்கு வருகிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஆட்கள் கடைசி நேரத்தை ஓட்ட எதையாவது குடிப்பார்கள். நீங்கள் மாலை தே தாரேக், அதான் ஆற்றிய பால் தேநீர், குடிக்கிறீர்களா? காஃபின் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொன்றுக்கும் பாதி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள். நீங்கள் குடிப்பதில்லை, நல்லது. வாசிக்கிற மற்ற தம்பிகளுக்குச் சொல்கிறேன்: இரண்டு கேன் பீர் படுத்ததும் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு மூலையில் உட்காருவது என்று நினைக்கிறோம். என்னிடம் வருகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் முதுகு வலி, தலைவலி, பிரஷர் என்றுதான் வருவார்கள். மனைவி கூட வந்திருந்தால் அவர்தான் மெதுவாகச் சொல்வார், இப்போதெல்லாம் சின்ன விஷயத்துக்கும் கத்துகிறார் என்று. எரிச்சலும் ஓர் அறிகுறிதான். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள், அதைப் பார்த்துத் தேவைப்பட்டால் மேலே அனுப்புவார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. செத்துத் தொலையலாம் என்ற நினைப்பு வருகிறவர்கள் போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது பிரிவை 2023-இல் எடுத்துவிட்டார்கள். இன்னும் பாதிப் பேருக்கு இது தெரியாது.

---

தண்ணிமலை 513 எழுதியது:

எனக்கு 67. முப்பது வருடம் லோரி ஓட்டியவன். எங்கள் காலத்தில் ஸ்ட்ரெஸ் என்ற சொல்லே கிடையாது என்று எழுதத்தான் வந்தேன். அதற்குள் டிரசர் தம்பி சம்சுவைக் குடித்துச் செத்த என் கூட்டாளிகளை ஞாபகப்படுத்திவிட்டார். சரி, அந்தப் பேச்சை விடுகிறேன்.

பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த முதல் வருடம் நானும் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் மருமகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது, மாமா, கொஞ்ச நேரம் வெளியே போய்ட்டு வாங்க என்று. கோபத்தோடு கிளம்பித் தண்ணிமலைக்குப் போனேன். முருகன் கோயிலுக்கு 513 படி. அன்றைக்கு நூறு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் போனேன். பக்தி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், மருமகள் மேல் இருந்த வீம்புதான்.

அங்கே என்னைப் போல இரண்டு பேர். ஒருவர் பழைய துறைமுக ஆள், இன்னொருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். மூன்று பேரும் பேசிக்கொள்ள மாட்டோம், மூச்சு வாங்கும்போது என்ன பேச்சு. நாலு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் பாதிப் படி தாண்டியிருப்போம், வாத்தியார் முன்னால் ஏறிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், என் மகன் என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது என்றார். நானும் துறைமுகமும் ஒன்றும் சொல்லவில்லை. ஏறினோம். கொஞ்சம் தள்ளி துறைமுகம் தன் கதையைச் சொன்னார். இறங்கி வரும்போது நான் என்னுடையதைச் சொன்னேன். கீழே வந்து ரொட்டி சானாய் பசியாறினோம், பேச்சு முழுக்கக் கால்பந்து.

எதிரே உட்காரவைத்து, சொல்லு, உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்டால் எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். லோரியில் அப்படியில்லை. நானும் கிளிண்டரும் (லோரி உதவியாள்) பாதையைப் பார்த்துக்கொண்டே ஈப்போ வரைக்கும் பேசுவோம், வீட்டில் சொல்லாததெல்லாம் அங்கே வரும். உனக்கும் பக்கத்தில் நடக்க, பக்கத்தில் உட்கார ஓர் ஆள்தான் குறைச்சல் என்று நினைக்கிறேன் தம்பி. முட்டி நன்றாக இருக்கும்போதே ஏறிவிடு.

---

கெப்போங் அக்கா எழுதியது:

ஆண்களைத்தான் கேட்டிருக்கிறார், மன்னிக்கவும், இருந்தாலும் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கோலாலம்பூரில் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார். போன வருடம் அவரும் இதையேதான் செய்தார். ஆப்பை அணைத்துவிட்டு, வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி காரை நிறுத்தி உட்கார்ந்துகொள்வார். எனக்கு எப்படித் தெரியும்? லேட் லேட் என்றே வந்தால் என்ன நினைப்பேன்? முதல் மாதம் இன்னொருத்தி என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஆலோங்கிடம், அதான் வட்டி முதலையிடம், கடன் வாங்கிவிட்டு மறைகிறாரோ என்று பயந்தேன், கடன்காரன் மிரட்டக் கதவில் சாயம் அடித்திருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் பார்ப்பேன். கடைசியில் உண்மை தெரிந்தபோது சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

தம்பி, நீங்கள் அரை மணி உட்காருங்கள், ஒரு மணிகூட உட்காருங்கள். அதை மனைவியிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். உங்கள் மனதில் இருக்கும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். எட்டே முக்காலுக்கு மேலே வருவேன், அதுவரை கீழேதான் இருப்பேன் என்று மணிக்கணக்கு மட்டும் சொன்னால் போதும். எங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் ஆட்டி வைக்கிறது.

மைலோவுக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? நீங்கள் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

---

யூனியன் வால் எழுதியது:

ஒரே ஒரு விஷயம். 2023 ஜனவரி முதல் சட்டத்தில் வார வேலை நேரம் 45 மணி, முன்பு 48. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் வாரத்தில் எத்தனை நாள், ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) எப்படிப் போடுகிறார்கள் என்று சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை மணிக்கு என்ன மெசேஜ் வந்தது, எத்தனை நிமிடம் அதில் போனது என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். வாயால் புலம்பினால் யாரும் கேட்க மாட்டார்கள், தாளில் இருந்தால் மேனேஜரும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

---

பிறைக்காரன் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், கொஞ்சம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

டிரசர் தம்பி, நாடி பிடித்தது முதல் மூன்று நாள் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. கார் பார்க்கில் ஒரு சீனத் தாத்தா கண்ணாடியைத் தட்டி, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். நான்காவது நாள்தான் மூச்சு விடும்போது வேகம் தளர்வது விரலுக்குத் தெரிந்தது. ஏதோ சென்சார் ரீடிங் பார்ப்பது போல் இருந்தது. தினமும் செய்கிறேன் என்று சொன்னால் பொய். வாரத்தில் மூன்று நாள். போனை டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறேன். மாலை தே தாரேக்கை நிறுத்தியதில் முதல் வாரம் தலைவலி பிளந்தது. இப்போது மூன்று மணி விழிப்பு நான்கரைக்குத் தள்ளியிருக்கிறது, அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கிளினிக்குக்குப் போனேன், கேள்வித்தாள் நிரப்பினேன், அடுத்த மாதம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

யூனியன் வால் சொன்னபடி இரண்டு வாரம் மட்டும் எழுதி வைத்தேன். ஒன்பது மணிக்கு மேல் வந்த 70 சொச்சம் மெசேஜில் எனக்கு நிஜமாகவே வேலை இருந்தது நான்கில்தான். சூப்பர்வைசரிடம் தாளைக் காட்டினேன். லைன் நின்றால் போன் போடுங்கள், உடனே எடுப்பேன், குழுவை ஒன்பதுக்கு மேல் பார்க்க மாட்டேன் என்றேன். முகத்தைச் சுளித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வாரம் ஒரே ஒரு போன்.

அக்கா, உங்களுக்குத்தான் பெரிய பதில் சொல்ல வேண்டும். மனைவியிடம் சொன்னேன். சொல்ல ஒரு வாரம் பிடித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன் (தண்ணிமலை ஐயா, நீங்கள் சொன்னது மாதிரி முகத்தைப் பார்க்காமல்). தினமும் கீழே காரில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அவள் திரும்பவே இல்லை. "தெரியும்" என்றாள். "சமையலறை ஜன்னல்ல இருந்து பார்த்தா உங்க கார் லைட் அணையறது தெரியும். அணைஞ்சு அரை மணி கழிச்சுத்தான் குழம்பைச் சூடு பண்றேன்." நாலு மாதமாக அப்படித்தானாம். அப்புறம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா அங்கேயும் உட்கார மாட்டீங்க" என்றாள்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். மைலோ கதையா அப்பா, அந்தப் பை பழசாகிவிட்டது என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். ஆனால் சாவிச் சத்தம் கேட்டால் இன்னும் டிவி அணைகிறது. அறைக்குப் போவதில்லை, அணைப்பது மட்டும் நிற்கவில்லை. சாவியைச் சட்டைப் பைக்குள் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்து பார்த்தேன், திருடன் மாதிரி வராதீர்கள் என்று மனைவியிடம் திட்டு. போன சனிக்கிழமை நானும் மகளும் காரை பட்டர்வொர்த்தில் போட்டுவிட்டு ஃபெரியில் சும்மா போய்த் திரும்பி வந்தோம். மோட்டார் தம்பி சொன்ன பின்பக்கத்தில்தான் நின்றோம். போகும்போது முழுக்க வாய் ஓயாமல் பேசினாள், வரும்போது தூங்கிவிட்டாள்.

தண்ணிமலை ஐயா, ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. நீங்கள் எத்தனை மணிக்குப் படி ஏறுகிறீர்கள்?

---

தண்ணிமலை 513 எழுதியது:

ஏழு மணி, படிக்குக் கீழே. வாத்தியார் மஞ்சள் தொப்பி போட்டிருப்பார், அவரைப் பிடித்துக்கொள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதே, தண்ணீர் கொண்டு வா. மூன்று பேருக்கும் முட்டி போய்விட்டது, மெதுவாகத்தான் ஏறுவோம், முந்திக்கொண்டு ஓடாதே. ரொட்டி சானாய் காசு புதிதாக வருகிற ஆள்தான் கொடுக்க வேண்டும்.